சாணைக்கல் தந்த மலை

கத்தி சாணை பிடிக்கிறவரை இப்போது தெருவிலே காண்பது அரிது. முன்பெல்லாம் சைக்கிளிலே ஒரு கற்சில்லைப் பூட்டிக்கொண்டு, பெடலை மிதித்தபடி, பொறி பறக்கப் பாக்குவெட்டியையும் அரிவாளையும் தீட்டித் தருவார். சிறுவர்களாகிய நாங்கள் அந்தப் பொறியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். பொறியைக் கிளப்பிய கல் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நீலக்கல் மோதிரம் அணிந்தவரைக் கண்டால், 'இது இரத்தினபுரிக் கல்லோ?' என்று விசாரிக்கிறோம். சாணைக்கல்லுக்கு அந்த மரியாதை இல்லை. இத்தனைக்கும் இரண்டும் ஒரே சாதிக் கல்லாக இருக்கக்கூடும்.

அந்தச் சாதிக்குப் பெயர் குருந்தம். திருப்பெருந்துறையிலே மாணிக்கவாசகர் குருவைக் கண்டது குருந்த மர நிழலில். அது வேறு, இது வேறு. இது கல். வடமொழியிலே குருவிந்தம் என்பார்கள். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலே மதுரையின் மணிக்கடை வீதியை இளங்கோவடிகள் வருணிக்குமிடத்து மாணிக்க வகைகளுள் ஒன்றாக 'விந்தம்' வருகிறதே, அதுவும் இந்தக் குருவிந்தமேதான். காவியத்திலே அது மணி. ஆனால் தமிழ்நாட்டின் சேலம் பக்கத்திலே உழைப்பாளிகள் கையில் அது வேறு வேலை செய்தது. மங்கலான, ஒளி ஊடுருவாத குருந்தத்தை இடித்துத் தூளாக்கி, அரக்கோடு கலந்து, சில்லாக வார்த்துச் சாணை செய்தார்கள். வாளும் கத்தியும் அதிலே தீட்டப்பட்டன. மணிகளும் அதிலேதான் பட்டை தீட்டப்பட்டன.

இந்தப் பெயர் கப்பலேறிய கதை சுவையானது. 1728இல் மறைந்த ஜோன் வூட்வார்ட் என்ற ஆங்கில அறிஞரின் சேகரிப்புப் பட்டியலிலே, சென்னைப் பக்கத்திலிருந்து அனுப்பப்பட்ட 'கொரிவிண்டம்' இடம்பெற்றிருக்கிறது. நெல் விளையும் வயல்களிலே எலிகள் வளை தோண்டும்போது வெளியே தள்ளுகின்ற கல் என்று குறிப்பும் உண்டு. 1798இலே இலண்டன் றோயல் சொசைட்டியின் ஏட்டில் சார்ள்ஸ் கிரெவில் என்பவர் ஆசியாவின் குருந்தக் கல்லைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1802இலே, பிரெஞ்சுப் பிரபுவான பூர்னோன் அதே ஏட்டில், கீழைத்தேயத்து மாணிக்கமும் நீலமும் இந்தக் குருந்தத்தின் வகைகளே என்று விளக்கினார். அதுமுதல் புவிச்சரிதவியல் நூல்களிலே 'கொறண்டம்' என்பது நிலைத்த பெயராயிற்று. குருந்தம் என்ற சொல்லை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். உலகம் மறக்கவில்லை.

இனி மலைக்கு வருவோம். அது சேலத்திலும் இல்லை, இரத்தினபுரியிலும் இல்லை, கனடாவில் இருக்கிறது. ரொறொன்ரோவிலே இன்று நம்மவர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அங்கிருந்து வடகிழக்கே சில மணி நேரம் காரோடினால் பான்குரொவ்ற் என்ற சிற்றூர் வரும். அதற்கும் அப்பால், ராக்லன் என்ற பகுதியிலே, காடு மூடிய ஒரு குன்று. றொபியார் மலை என்று அதற்குப் பெயர். அதன் சரிவிலே கிரெய்க்மொன்ற் என்று ஓர் ஊர் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே உலகின் குருந்த உற்பத்தியில் முதலிடம் பெற்றிருந்த சுரங்கம் அந்த ஊரினுடையது. இன்று சுரங்கமும் இல்லை, ஊரும் இல்லை.

குருந்தம் அங்கே எப்படி வந்தது? குருந்தம் என்பது அலுமினியமும் ஒட்சிசனும் மாத்திரம் சேர்ந்த பொருள். அலுமினியம் பூமியின் மேலோட்டிலே எங்கும் நிறைந்து கிடப்பதுதான். அப்படியானால் குருந்தமும் எங்கும் கிடைக்க வேண்டுமல்லவா? கிடைக்காததற்குக் காரணம் சிலிக்கா. கடன்காரன் வாசலிலே நிற்கும்வரை கையிலே காசு தங்குமா? பாறைக் குழம்பிலே சிலிக்கா மிஞ்சியிருக்கும்வரை அது அலுமினியத்தைப் பற்றிக்கொண்டு பெல்சுபார் முதலிய சாதாரணக் கனியங்களாக்கிவிடும். சிலிக்கா போதாமற்போன பாறையிலேதான் மிஞ்சிய அலுமினியம் தனித்து நின்று குருந்தமாகப் படிகிறது. வெள்ளை மணலாய் நாம் அறிந்த குவாட்சு, சிலிக்கா மிஞ்சியதன் அடையாளம். ஆகவே குவாட்சு கிடக்கும் பாறையிலே குருந்தத்தைத் தேடுவது பெரும்பாலும் வீண்.

றொபியார் மலை அப்படிச் சிலிக்கா வறண்ட மலை. நெபிலின் சயனைற்று என்னும் பாறையும் அதன் உறவுப் பாறைகளும் அங்கே பட்டை பட்டையாய்க் கிடக்கின்றன. ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய இமயத்தோடு ஒப்பிடத்தக்க ஒரு மலைத்தொடர் அந்தப் பக்கத்திலே எழுந்தது. பின்னர் அது தேய்ந்து, அதன் வேர் மாத்திரம் எஞ்சியது. அந்த வேரிலே அழுந்தி வெந்த பாறைகளுக்குள்ளே குருந்தப் படிகங்கள் இருந்தன. நடுவிலே பருத்து இரு முனையும் ஒடுங்கிய பீப்பா உருவம். தவிட்டு நிறம் அல்லது சாம்பல் நிறம். குரோமியம் சிறிது கலந்தால் சிவந்து மாணிக்கமாகும், இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலமாகும் என்பதெல்லாம் உண்மைதான். இந்த மலையின் குருந்தத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கடினம் ஒன்றே அதன் சொத்து. மோஸ் என்பவர் வகுத்த கடின அளவிலே வைரம் பத்து, குருந்தம் ஒன்பது, குவாட்சு ஏழு.

1876ஆம் ஆண்டளவிலே அந்த மலையில் காணி வைத்திருந்த றொபியார் என்பவரின் சின்ன மகள், வழியிலே கிடந்த விசித்திரமான கற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள் என்று அப்பகுதியிலே கதை வழங்குகிறது. சாப்பாட்டு மேசையிலே வினாகிரிப் போத்தலுக்குக் கண்ணாடி மூடி இருக்குமே, அந்த மூடியைப் போன்ற கற்கள் என்று சொன்னார்களாம். பிள்ளையின் கண்ணுக்கு உருவம் தப்பவில்லை. ஆனால் அது என்ன கல் என்று சொல்ல ஒருவரும் இல்லை. படித்தவர்கள் மாத்திரம் அறிந்திருந்தார்களா? பக்கத்துக் கார்லோ பகுதியிலிருந்து சென்ற அதே வகைப் படிகங்கள் ஒட்டாவாவிலே கனடியப் புவிச்சரிதத் திணைக்களத்தின் நூதனசாலையிலே இருந்தன. அவற்றின் மேல் ஒட்டப்பட்டிருந்த சீட்டு 'பைரொக்சீன்' என்றது. அது வேறு கல். பெயர்ச்சீட்டு பிழைத்தால் பொருள் கண்ணெதிரே இருந்தும் இல்லாததுதான்.

அந்தச் சீட்டை 1896இலே சந்தேகித்தவர் அத்திணைக்களத்தைச் சேர்ந்த பெரியர். படிகங்களைச் சோதித்தார், குருந்தம் என்று கண்டார், அவை வந்த இடத்தைத் தேடிப் புறப்பட்டார். பாறையிலேயே கண்டும் கொண்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளிலே கிங்ஸ்ரன் சுரங்கக் கல்லூரியின் பேராசிரியர் வில்லெற் மில்லர் காடு மேடெல்லாம் நடந்து, குருந்தம் தாங்கிய பாறைப் பட்டை எங்கெங்கே ஓடுகிறது என்று வரைந்து கொடுத்தார். 1900இலே கனடா கொறண்டம் கம்பனி வேலையைத் தொடங்கியது. கம்பனியின் உப தலைவர் கிரெய்க். ஊருக்கு அவருடைய பெயர் வந்தது. ஒரு பிள்ளை கையிலெடுத்த கல், கம்பனிக்காரர் கைக்குப் போக இருபத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன. இந்தத் தாமதத்தை வாசகர்கள் மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கம் என்றதும் நிலத்தடி இருட்டைக் கற்பனை செய்ய வேண்டாம். மலைச் சரிவிலே படிப்படியாய் வெட்டிய திறந்த கற்குழிகள் அவை. வெடி வைத்துப் பாறையைப் பிளந்தார்கள். குருந்தம் தெரியும் துண்டுகளைத் தெரிந்தெடுத்து அடிவாரத்து ஆலைக்கு இறக்கினார்கள். ஆலையிலே அது நொறுக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, நீரோடு சேர்த்து அதிரும் மேசைகளிலே ஓடவிடப்பட்டது. குருந்தம் நீரைப்போல் நான்கு மடங்கு பாரம். கூட இருக்கும் பெல்சுபாரோ இரண்டரை மடங்கு சொச்சம். நம்முடைய பெண்கள் சுளகிலே புடைக்கும்போது உமி முன்னே போக, மணி பின்னே நிற்பதில்லையா? அதே சூட்சுமம், இங்கே காற்றுக்குப் பதிலாக நீர். கூடவே தங்கிவிடும் இரும்புக் கனியத்தைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். எஞ்சிய மணிகளைப் பல கண் அளவுள்ள அரிதட்டுகளிலே அரித்து, பரும்படி வேறு, நொய் வேறு என்று பிரித்துப் பைகளிலே கட்டுவார்கள். அவை காட்டு வழியே புகையிரதத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சாணைச்சில்லு செய்யும் ஆலைகளை நாடிச் சென்றன.

அக்காலம் இயந்திரங்களின் காலம். உருக்கை உருக்கு தொட்டு ஓடும் ஒவ்வோர் உறுப்பும் தேய்த்து அளவாக்கப்பட வேண்டும். கிரேக்கத்தின் நக்சோஸ் தீவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்த எமரி, இரும்புக் கனியம் கலந்த குருந்தம். அதனிலும் கனடாவின் குருந்தம் சுத்தமானது. கேள்வி பெருகியது. மலையிலே வீடுகள் எழுந்தன. குடும்பங்கள் குடியேறின.

ஆனால் வேறொரு கதை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1891இலே அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே எட்வர்ட் அச்சசன் என்பவர் களிமண்ணையும் கற்கரியையும் கலந்து மின்சாரத்தால் காய்ச்சிப் பார்த்தார். நீலம் பூத்த கரிய படிகங்கள் கிடைத்தன. காபனும் கொறண்டமும் கலந்து உண்டானவை என்று எண்ணி, 'காபொறண்டம்' என்று பெயரிட்டார். எண்ணம் பிழை, அதிலே குருந்தம் இல்லை, அது சிலிக்கனும் காபனும் சேர்ந்தது. பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. நம்முடைய தச்சுப் பட்டறைகளிலே 'காபொரண்டம் கல்லு' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பிழையான பெயருக்குள்ளே தமிழின் குருந்தம் உட்கார்ந்திருக்கிறது. வெளியூர் போய்ப் பெயர் மாறித் திரும்பிய உறவினரை அடையாளம் காணாத கதைதான்.

அது ஒரு போட்டி. உண்மையான யமன் 1897இலே வந்தான். சார்ள்ஸ் ஜேக்கப்ஸ் என்பவர் பொக்சைற்று என்னும் மண்ணை மின் உலையிலே உருக்கி ஆறவிட்டுக் குருந்தத்தையே செய்தார். போலி அன்று, இரசாயனப்படி அசல் குருந்தம். நோர்ட்டன் கம்பனி அந்த உரிமையைப் பெற்று, 1901இலே நயாகரா நீர்வீழ்ச்சியின் பக்கத்திலே உலைகளை நிறுவியது. வீழ்ச்சியின் நீர் மலிவாக மின்சாரம் தந்தது. மலையைக் குடைய வேண்டாம், பொறுக்க வேண்டாம், பெல்சுபாரைக் கழுவ வேண்டாம். இன்றைக்கு வந்த மணியும் நாளைக்கு வரும் மணியும் ஒரே குணம். சாணைச்சில்லுக்காரருக்கு வேண்டியது அதுவே.

கார்லோவிலே குருந்தம் அடையாளம் காணப்பட்டது 1896. உலையிலே குருந்தம் செய்யப்பட்டது 1897. ஆயுளும் மரணமும் ஓராண்டு இடைவெளியிலே எழுதப்பட்டுவிட்டன. அந்தச் சிறுமி கல்லைக் கொண்டுவந்த நாளிலேயே அதை இனங்கண்டிருந்தால், மலைக்கு எதிரியில்லாத இருபது ஆண்டுகள் கிடைத்திருக்கும். அதனால் ஊர் நிலைத்திருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. ஒரு தலைமுறையாவது அங்கே வளர்ந்து, மணம் முடித்து, முதுமை கண்டிருக்கலாம்.

1913 பெப்ரவரியிலே ஆலை தீப்பற்றி எரிந்து சாம்பலானது. செழிப்பான காலமென்றால் மறுபடியும் கட்டியிருப்பார்கள். கட்டவில்லை. சனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கிப் போனார்கள்.

குருந்தத்தைப் பற்றிய பெருநூல் ஒன்றைக் கனடியப் புவிச்சரிதத் திணைக்களம் 1915இலே வெளியிட்டது. எழுதியவர் அல்பிரட் பார்லோ. அந்தப் பாறைகளோடு நெடுங்காலம் பழகியவர். அச்சாகி வந்த நூலை அவர் காணவில்லை. 1914 மே 29ஆம் திகதி அதிகாலை, சென் லோறன்ஸ் நதியிலே மூடுபனியின் நடுவே 'எம்பிரஸ் ஒவ் அயர்லாந்து' என்ற கப்பல் நிலக்கரிக் கப்பலொன்றோடு மோதிப் பதினைந்து நிமிடத்துக்குள் மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பார்லோவும் அவர் மனைவியும் அவர்களுள் இருவர். சுரங்கம் ஓய்ந்த பின் அதன் வரலாறும், வரலாற்றாசிரியன் மறைந்த பின் அவன் நூலும் வந்தன.

கழிவுமணலுக்கு மாத்திரம் ஒருமுறை மறுவாழ்வு வந்தது. இரண்டாம் உலகப் போரிலே தொலைநோக்கிகளுக்கும் துப்பாக்கிக் குறிகாட்டிகளுக்கும் கண்ணாடி வில்லைகள் தேய்க்க வேண்டியிருந்தது. அந்த நுண்ணிய வேலைக்கு இயற்கைக் குருந்தமே உகந்ததென்றார்கள். 1944 முதல் 1946 வரை, பழைய ஆலை எறிந்த மணலை மறுபடி கழுவி, தவறிப்போன மணிகளை எடுத்தார்கள். போர் முடிந்தது; அதுவும் முடிந்தது.

இரத்தினபுரியை எண்ணிப் பாருங்கள். 1902இலேயே பிரான்சின் வேர்னெய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டுவிட்டார். ஆனாலும் நம்முடைய இரத்தினக் குழிகள் மூடப்படவில்லை. மணியை வாங்குகிறவன் அதன் பிறந்த ஊரையும் சேர்த்து வாங்குகிறான். சாணையை வாங்குகிறவன் கடினத்தை மாத்திரம் வாங்குகிறான்.

றொபியார் மலையிலே இப்போது மரங்கள் வளர்ந்துவிட்டன. ஆலையின் அத்திவாரச் சுவர்கள் பாசி பிடித்துக் கிடக்கின்றன. மணற்குவியல்மேல் புல் அரைகுறையாய்த்தான் முளைக்கிறது. கனியம் சேகரிக்கும் பொழுதுபோக்குக்காரர் கோடை நாட்களிலே சுத்தியலோடு வந்து, பாறைமுகத்திலே துருத்தி நிற்கும் அந்தத் தவிட்டு நிறப் பீப்பாய்களைத் தேடுகிறார்கள். மழையிலும் பனியிலும் சுற்றியுள்ள பெல்சுபார் கரைந்து போக, குருந்தம் கரையாமல் ஆண்டுக்காண்டு சற்று வெளியே நீண்டுகொண்டு வருகிறது.