அரியணைக் காரும் அதிர்வின் வரலாறும்: ஹைதராபாத், 1912

ஹைதராபாத்தின் சவுமஹல்லா அரண்மனைக்குச் செல்வோர் நெடுநேரம் நின்று பார்க்கும் பொருள்களுள் ஒன்று மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் கார். 1912ஆம் ஆண்டின் ‘சில்வர் கோஸ்ட்’ வகையைச் சேர்ந்தது. லண்டனின் பார்க்கர் நிறுவனம் அதற்கு உடல் கட்டியது. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் அதற்கு ஆணையிட்டார். 1911 ஆகஸ்டில் அவர் மறைந்துவிட, வண்டி ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கானிடம் வந்து சேர்ந்தது. பின்பகுதியில் உயர்த்தி அமைக்கப்பட்ட அரியணை போன்ற இருக்கை இருப்பதால் இதனை ‘அரியணைக் கார்’ என்றே அழைக்கின்றனர்.

இந்த வண்டியைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் நிஜாமின் செல்வத்தைப் பற்றியவையே. அலங்காரம், விலை, வண்டி மிகக் குறைவாகவே ஓடியது என்ற வியப்பு ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சொகுசு வண்டி என்று பெயர் பெற்ற ஒன்றின் சொகுசு எதனால் ஆனது என்ற கேள்வியை வரலாற்று மாணவர்கள் எழுப்பவேண்டும் என்பதே இப்பதிவின் நோக்கம். பயணத்தின் மென்மை வண்டிக்குள் மட்டும் இருப்பதில்லை. எஞ்சின், ஸ்பிரிங், டயர், சாலை, பராமரிக்கும் கை ஆகிய ஐந்தும் கூடும் இடத்தில்தான் அது பிறக்கிறது. இவற்றுள் நான்கினை மறந்து ஒன்றை மட்டும் அருங்காட்சியகத்தில் வைக்கிறோம்.

முதலில் எஞ்சின். ஊர்வல வண்டிக்கு வேகம் தேவையில்லை. யானை அம்பாரியும் குதிரை வண்டியும் செய்துவந்த வேலையை அது ஏற்கவேண்டியிருந்தது: ஆள்பவர் மக்கள் கண்ணில் மெல்ல நகரவேண்டும், புறப்படும்போதும் நிற்கும்போதும் குலுங்கக் கூடாது. அக்காலக் கார்களில் பல கியர் மாற்றும்போதெல்லாம் துள்ளின. சில்வர் கோஸ்ட்டின் ஆறு சிலிண்டர் எஞ்சின் 7,428 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்டது. அதன் கிராங்க் ஷாஃப்டை ஏழு பேரிங்குகள் தாங்கின. 1911இல் இவ்வகை வண்டியொன்று லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு உச்ச கியரிலேயே ஓட்டிக் காட்டப்பட்டது. கியரை மாற்றாமலே நடை வேகத்துக்கு இறங்கவும் மீண்டும் ஏறவும் இயலும் என்பதே அதன் பொருள். அரச ஊர்வலத்துக்கு இதைவிடப் பொருத்தமான தகுதி வேறில்லை.

அடுத்தது ஸ்பிரிங். சில்வர் கோஸ்ட்டின் பின்புற ஸ்பிரிங் அமைப்பை அந்நிறுவனம் சில ஆண்டுகளுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் மாற்றியது. 1912 அளவில் கான்டிலீவர் அமைப்புக்கு வந்து சேர்ந்தது. புகழ்பெற்ற எஞ்சின் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்ட பிறகும் ஸ்பிரிங்கில் தேடல் தொடர்ந்தது என்பது கவனத்துக்குரியது. அந்தத் தேடலுக்கு அப்போது கோட்பாடு இல்லை. ஓட்டிப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து மாற்றினர்.

கோட்பாடு பின்னர்தான் உருவானது. ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930இல் அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனத்துக்குச் சென்று, வண்டி முன்னும் பின்னும் ஊசலாடுவது ஏன் என்பதை ஆராய்ந்தார். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது. பின் சக்கரம் சற்றுத் தாமதித்து ஏறுகிறது. முன் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் இரு முனைகளும் மாறிமாறி எழுந்து தாழ்கின்றன. பயணியின் தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. முன் ஸ்பிரிங்கைப் பின்புறத்தைவிட மென்மையாக்கினால், தாமதித்துத் தொடங்கிய பின்முனை முன்முனையை எட்டிப்பிடிக்கிறது. வண்டி முழுதும் ஒன்றாக ஏறி இறங்குகிறது. முந்தைய வண்டிகளின் முன் ஸ்பிரிங்குகள் பொதுவாக விறைப்பானவை. ஆகவே 1912ஆம் ஆண்டின் ‘மென்மை’யை இன்றைய அளவுகோலால் மதிப்பிடுவது காலப்பிழையாகும்.

இனிச் சாலை. ஹைதராபாத் வரலாற்றின் இரு நிகழ்வுகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆற்றுப் பெருவெள்ளம் நகரைச் சிதைத்தது. அதன் பின்விளைவாக 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. தெருக்களை அகலப்படுத்துவதும் நெரிசலான குடியிருப்புகளைச் சீரமைப்பதும் அதன் பணிகள். அரியணைக் காரும் இந்த வாரியமும் ஒரே ஆண்டுக்குரியவை. ஒன்று அருங்காட்சியகத்தில் மின்னுகிறது; மற்றது அகலமான தெருக்களில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

காருக்கும் சாலைக்கும் இடையே அன்று நல்லுறவும் இல்லை. உடைகல்லும் கல்பொடியும் நீரும் சேர்த்து இறுக்கிய மெக்காடம் சாலைகள் மாட்டு வண்டியின் இரும்புப் பட்டைச் சக்கரத்துக்கு ஏற்றவை. வேகமாகச் சுழலும் காரின் ரப்பர் சக்கரங்களோ பொடியைக் கிளப்பி, கற்களின் பிணைப்பைத் தளர்த்தின. உள்ளே அமர்ந்திருப்பவருக்கு மென்மையைத் தந்த அதே டயர், பின்னால் வருபவருக்குப் புழுதியையும் குழியையும் தந்தது. இது உலகு தழுவிய சிக்கல். 1908இல் பாரிஸில் கூடிய முதல் பன்னாட்டுச் சாலை மாநாடு இதனைத்தான் முதன்மையாக விவாதித்தது. புழுதியற்ற சாலை என்ற கோரிக்கையை எழுப்பியவை கார்கள்; அதன் பயனைப் பின்னர்ப் பெற்றோர் பேருந்துப் பயணிகள். 1932இல் நிஜாம் அரசு இரயில்வே 27 பேருந்துகளோடும் 166 பணியாளர்களோடும் சாலைப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியது. ஹைதராபாத்தின் சொகுசு வரலாற்றை எழுதுபவர் அரண்மனைக் கொட்டகையிலிருந்து இந்தப் பேருந்துகள் வரையும் வரவேண்டும்.

சாலையும் வண்டியும் பிரிக்க இயலாதவை என்பதை அளவையியலும் ஒப்புக்கொள்கிறது. நம் நாட்டில் சாலை மேடுபள்ளத்தை அளக்கப் பயன்பட்டுவரும் ‘பம்ப் இன்டகிரேட்டர்’ என்ற கருவி, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துச் செல்லப்படும் ஒற்றைச் சக்கரத்தின் ஏற்ற இறக்கங்களைக் கூட்டிக் கணக்கிடுகிறது. 1986இல் உலக வங்கி வெளியிட்ட பன்னாட்டுச் சாலைக் கரடுமுரடுக் குறியீடும், மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் ஒரு கற்பனைக் காரின் ஸ்பிரிங் எவ்வளவு அசைகிறது என்பதையே கணிக்கிறது. சாலையின் தரத்தைச் சொல்லவும் ஒரு வண்டி தேவைப்படுகிறது.

பழைய சொகுசு வண்டியின் பயணத்தை மென்மையாக்குவது எப்படி என்ற நடைமுறைக் கேள்வி இங்கேதான் வரலாற்றுக் கேள்வியாகிறது. அதிகம் ஓடாத வண்டி இளமையாகவே இருக்கும் என்று எண்ணுவது தவறு. நிற்பதாலும் வண்டி மூப்படையும். வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுகச் செய்து வெடிக்க வைக்கின்றன. ஒரே நிலையில் நின்ற டயர் தரை தொடும் இடத்தில் தட்டையாகிறது. பட்டை ஸ்பிரிங்கின் தகடுகளுக்கிடையே கிரீஸ் வறண்டு துரு ஏறினால், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவேண்டிய தகடுகள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகின்றன. அக்காலத்தில் ஸ்பிரிங்குக்குத் தோலுறை தைத்துக் கிரீஸைக் காத்தது இதற்காகவே.

எனவே சீரமைப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டயரும் காற்றழுத்தமும். பிறகு தகடுகளைத் துடைத்துக் கிரீஸ் இடுதல். பிறகு தேய்ந்த பின்களும் புஷ்களும். பிறகு ஷாக் அப்சார்பர் இருந்தால் அது. ஸ்பிரிங்கையே மாற்றுவது கடைசி. மென்மையை விரும்பி முதலிலேயே ஸ்பிரிங்கை மாற்றுபவர், அந்த வண்டி எவ்வாறு அதிர்ந்தது என்பதற்கான சான்றையே அழித்துவிடுகிறார். டயர் தேய்ந்து தீரும் பொருள். அதனை மாற்றுவதில் இழப்பு குறைவு. 1912ஆம் ஆண்டின் எஃகுத் தகடோ ஓர் ஆவணம். அதன் வளைவில் அன்றைய உலோகவியலும், ஓட்டிப் பார்த்துத் திருத்தியவர்களின் தீர்ப்பும் பதிந்துள்ளன. பழைமை வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பின் டுரின் சாசனமும் இதே திசையில்தான் பேசுகிறது: தலையீடு குறைவாக இருக்கவேண்டும், செய்த மாற்றம் பதிவு செய்யப்படவேண்டும்.

எஞ்சியிருப்பது பராமரித்த கை. அந்தத் தகடுகளுக்குக் கிரீஸ் இட்டவர் யார்? ஊர்வலத்தன்று கிளட்சை மெல்ல விட்டு அரியணை குலுங்காமல் நகர்த்திய ஓட்டுநர் யார்? நிஜாமின் பெயரும் ரோல்ஸ் ராய்ஸின் பெயரும் பார்க்கரின் பெயரும் நமக்குத் தெரிகின்றன. இவர்களின் பெயர்கள் வழக்கமான வரலாறுகளில் இடம்பெறவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹைதராபாத் தார்நாகாவிலுள்ள தெலங்கானா மாநில ஆவணக் காப்பகத்தில் நிஜாம் ஆட்சிக்கால ஆவணங்கள் பாரசீகத்திலும் உருதுவிலும் பெருந்தொகையாக உள்ளன. அம்மொழிகளைக் கற்கும் பொறுமை உள்ளவர்கள் சம்பளப் பட்டியல்களையும் கொள்முதல் கணக்குகளையும் தேடிப் பாருங்கள். டயரும் கிரீஸும் எவ்வளவு வாங்கப்பட்டன, கொட்டகையில் எத்தனை பேர் வேலை செய்தனர், அவர்கள் எங்கே தொழில் கற்றனர் என்ற எளிய வினாக்களோடு தொடங்கலாம். சென்னை, மைசூர், திருவிதாங்கூர் ஆவணங்களிடமும் இதே வினாக்களைக் கேட்கலாம். பழைய வண்டிகளின் பட்டை ஸ்பிரிங்கைக் கையால் தட்டிச் சீராக்கத் தெரிந்த முதியவர்கள் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் சிலர் இருக்கின்றனர். காப்பகத்துக்குச் செல்லுமுன் அவர்களிடம் சென்று வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யுங்கள். காகிதம் சில ஆண்டுகள் காத்திருக்கக் கூடும். அவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை.