கறுப்பு உடையும் விடியற்காலையும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இங்கிலாந்து தேசத்து நாட்டுப்புறச் சாலை ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஊர் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கையில், நிமிஷத்துக்கு ஒருவராகச் சிலர் சைக்கிளில் பறந்து செல்வதை வழிப்போக்கர் எவரேனும் கண்டிருந்தால், இவர்கள் ஏதோ சதியாலோசனைக்குப் புறப்பட்டவர்கள் என்றே எண்ணியிருப்பார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை. மேலே மெல்லிய அல்பாகா கம்பளிச் சட்டை. முதுகில் எண் கிடையாது. வண்டியில் மணி மட்டும் தவறாமல் உண்டு. சாலையோரத்தில் கையில் கடிகாரத்துடன் நிற்கும் கனவான், யாருக்கோ காத்திருப்பவர்போலப் பாவனை செய்வார். போட்டியாளர்களுக்குத் தபாலில் வந்த தாளில் ‘அந்தரங்கம்’ என்று அச்சிட்டிருக்கும். பந்தயம் நடக்கும் பாதையோ ஊர்ப்பெயரால் குறிக்கப்படாமல், ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாகச் சங்கேதத்தில் இருக்கும். வாரத்தில் ஆறு நாள் மேஜைமுன் கணக்கு எழுதியும் பட்டறையில் இரும்பை அராவியும் வாழ்ந்த சாதுவான மனிதர்கள் இவர்கள். பணத்துக்காக அன்றி ஆசைக்காகச் சைக்கிள் மிதித்தவர்கள். கால்வாய்க்கு அப்பால் பிரான்சில் 1903 முதல் ‘டூர் தெ பிரான்ஸ்’ பந்தயத்துக்காக ஜனங்கள் சாலையோரம் திரண்டு ஆரவாரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கே மட்டும் இந்த விளையாட்டு திருட்டுத்தனம்போல நடந்தது ஏன் என்பதற்கு விடை வேண்டுமானால், குதிரையிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நம் முன்னோர் துவிசக்கர வண்டி என்று கம்பீரமாகப் பெயரிட்ட இந்த வாகனம், முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் சாணளவுமாக 1870களில் இங்கிலாந்தின் சாலைகளில் தோன்றியபோது, அச்சாலைகள் கோச் வண்டிக்காரர்களுக்கும் குதிரைச் சவாரிக்காரர்களுக்கும் பரம்பரைச் சொத்துப்போல இருந்தன. 1876இல் ஒரு கோச் வண்டியின் சாரதி சைக்கிள்காரர் ஒருவரைச் சவுக்கால் அடிக்க, வண்டியின் காவலாள் கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டைச் சக்கரத்துக்குள் எறிந்து அவரைக் கீழே இழுத்துத் தள்ளிய சம்பவம் அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. சட்டமோ இந்தப் புதிய பிராணியை என்னவென்று அழைப்பது எனத் திகைத்தது. 1879இல் டெய்லர் எதிர் குட்வின் என்ற வழக்கில், கண்மூடித்தனமான வேகத்தில் வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் சட்டத்துக்குச் சைக்கிளும் ஒரு வண்டியே என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அதாவது, சைக்கிள் முதன்முதலில் வண்டியாக அங்கீகரிக்கப்பட்டது தண்டனை பெறுவதற்காகத்தான். 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அதை எல்லா விதத்திலும் வண்டி என்று ஏற்றுக்கொண்டபோது, கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தது: மனிதரையோ வண்டியையோ விலங்கையோ கடந்து செல்லுமுன் மணியடித்தோ வேறு வகையிலோ கேட்கும்படி எச்சரிக்க வேண்டும்.

இதற்கிடையே சங்கங்கள் பெருகின. 1870இல் டிக்கன்ஸ் காலமான சில நாட்களுக்குள் லண்டனில் பிறந்த பிக்விக் சைக்கிள் சங்கத்தில், அங்கத்தினர் ஒவ்வொருவரும் அவருடைய நாவலிலுள்ள பாத்திரம் ஒன்றின் பெயரைச் சூடிக்கொள்வது வழக்கம், இன்றும் அப்படியே. 1878இல் ஹாரோகேட் நகரில் ஸ்டான்லி காட்டரெல் தோற்றுவித்த சுற்றுலாச் சைக்கிள்காரர் சங்கம் 1899க்குள் அறுபதாயிரம் பேரைச் சேர்த்துவிட்டது. ஆனாலும் ஜனங்களின் முகச்சுளிப்பு மாறவில்லை.

1894 ஜூலையில் ‘வடசாலை’ என்ற சைக்கிள் சங்கத்தார் நடத்திய 50 மைல் பந்தயத்தில் நடந்தது சிறிய விபத்துதான். ஃபிரெடரிக் தாமஸ் பிட்லேக் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு மாதின் குதிரை வண்டியைக் கடக்கையில், குதிரை மிரண்டது. சவாரிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தனர். அம்மாது காவல் அதிகாரிகளிடம் புகார் செய்தாள். அவர்கள் தம் எல்லைக்குள் பந்தயமே கூடாதென்று கட்டளையிட்டனர். ஏற்கெனவே சாலைப் பந்தயத்தைக் கசப்புடன் நோக்கிய தேசிய சைக்கிள்காரர் ஒன்றியம், இது நீடித்தால் சைக்கிளுக்கே சாலை மறுக்கப்பட்டுவிடும் என்ற பயத்தில் 1897இல் அதை அடியோடு விலக்கியது. அதற்கு முன்பே பிட்லேக் ஓர் உபாயம் கண்டிருந்தார். கூட்டமாக ஓடினால்தானே பந்தயம்? ஒவ்வொருவராகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிட்டால் பார்ப்பவருக்கு அது பந்தயம் என்றே தெரியாதல்லவா? 1895 அக்டோபர் 5ஆம் தேதி வடசாலைச் சங்கம் அவ்விதமே 50 மைல் ஓட்டம் ஒன்றை நடத்தியது. கறுப்பு உடையும், சங்கேதப் பெயரும், விடியற்காலையும் பிற்பாடு இந்த உபாயத்தோடு வந்து ஒட்டிக்கொண்ட சடங்குகள். பிட்லேக்கை இந்த விளையாட்டின் ரட்சகர் என்று போற்றுவோர் உண்டு. அபாயத்திலிருந்து அதைக் காப்பாற்றியவர் அவரே என்பது மெய். காப்பாற்றிய கையோடு அதை அரை நூற்றாண்டு காலம் அறைக்குள் வைத்துப் பூட்டியவரும் அவரே என்பது என் அபிப்பிராயம்.

வேகமே குற்றமாகிவிட்ட தேசத்தில், வேகமாகச் செல்லவே இயலாத இடம் ஒன்று உண்டு: செங்குத்தான மலையேற்றம். கேட்ஃபோர்டு சங்கத்தார் 1887இல் கென்ட் மாகாணத்து வெஸ்டர்ஹாம் குன்றில் தொடங்கிய ஏற்றப் போட்டி, யுத்த காலங்கள் நீங்கலாக இன்றுவரை நடந்துவருகிறது. உலகில் தொடர்ந்து நடைபெறும் சைக்கிள் போட்டிகளில் இதுவே மிகப் பழையது என்பார்கள். பிற்காலத்தில் அது யார்க்ஸ் குன்றுக்கு மாறியது. அதன் நீளம் 707 கஜந்தான். ஆனால் உச்சிக்கு அருகில் நான்கடிக்கு ஓரடி ஏறுகிறது. இலையுதிர்காலத்தில், ஈர இலைகளால் சாலை வழுக்கும் பருவத்தில், இரண்டொரு நிமிஷத் துன்பத்துக்காக ஆண்டு முழுவதும் தயாராகும் இந்த மனிதர்களின் சிரத்தை விநோதமானது. தண்ணீர்ப் புட்டியைக் கழற்றுவார்கள்; கைப்பிடியின் நுனியை அறுப்பார்கள்; பல்சக்கரத்தில் துளையிட்டு ஒரு தோலா எடை குறைப்பார்கள். உச்சியில் ‘பிடிப்பவர்’ என்றே சிலர் நியமிக்கப்பட்டிருப்பர். கோட்டைத் தாண்டியதும் நிலைகுலைந்து விழப்போகிறவரை ஏந்திக் கம்பளியால் போர்த்துவது அவர்கள் வேலை. இருபுறமும் கூடிய ஜனங்கள் கையெட்டும் தூரத்தில் நின்று சவாரிக்காரரின் காதுக்குள்ளேயே கூவுவார்கள். தேசிய மலையேற்றப் பட்டம் 1944இல் ஏற்பட்டது.

திரளாகச் செல்லும் ஆசை மட்டும் எக்காலத்திலும் அடங்கவில்லை. பந்தயமாக இல்லாதவரை அதை யாரும் தடுக்கவுமில்லை. ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டின் ‘கிளாரியன்’ பத்திரிகையைப் படித்த சோஷலிஸ்டுத் தொழிலாளர்கள் 1894இல் பர்மிங்ஹாமில் சங்கம் அமைத்து, மறு ஆண்டு ஈஸ்டர் திருநாளில் ஆஷ்போர்ன் என்ற ஊரில் கூடினர். கொள்கைப் பிரசாரமும் குளிர்ந்த காற்றும் ஒரே சவாரியில் கிடைத்தன. முதல் உலக யுத்தத்தில் மாண்ட சைக்கிள்காரர்களுக்கு, இங்கிலாந்தின் நடுமையம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட மெரிடன் கிராமத்தில் 1921இல் நினைவுத்தூண் திறக்கப்பட்டபோது, நாற்றிசையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்ததும் சைக்கிளில்தான்.

பூட்டை உடைத்தவர் வுல்வர்ஹாம்ப்டன் நகரத்து பெர்சி ஸ்டாலர்டு. 1933 உலகப் பட்டப் பந்தயத்துக்காகப் பிரான்சு சென்று, யாவரும் ஒருங்கே புறப்படும் ஓட்டத்தின் சுவையை அறிந்தவர் அவர். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் சாலைகள் வெறிச்சோடிக் கிடக்கையில், இதைவிட நல்ல சமயம் ஏது என்று காவல்துறையினரிடமே நேரில் போய்க் கேட்டார், அவர்கள் ஆட்சேபிக்கவில்லை. 1942 ஜூன் 7ஆம் தேதி வேல்ஸிலுள்ள லாங்கோலெனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டனுக்கு 59 மைல் ஓட்டம், புறப்பட்டவர் 40 பேர், வந்து சேர்ந்தவர் 15 பேர், முடிவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடி ஆரவாரித்தனர், ஒருவர்க்கும் தீங்கில்லை. குதிரை எதுவும் மிரளவில்லை, காவலர் எவரும் கோபிக்கவில்லை. கோபித்தவர்கள் தேசிய சைக்கிள்காரர் ஒன்றியத்தாரே. ஸ்டாலர்டு தள்ளிவைக்கப்பட்டார். அவர் அவ்வருஷமே தனி ஸ்தாபனம் கண்டார். இரு கட்சியாரும் பதினேழு வருஷம் பகைமை பாராட்டி, 1959இல்தான் ஒன்றாயினர்.

சாலையின் இந்தச் சச்சரவுகளில் அலுத்துப்போய், சாலையே இல்லாத இடத்தை நாடிய ஒரு கூட்டமும் உண்டு. ‘வேஃபேரர்’ என்ற புனைபெயரில் எழுதிய டபிள்யூ. எம். ராபின்சன், 1919 மார்ச்சு இறுதியில் நண்பர்களுடன் வேல்ஸின் பெர்வின் மலைத்தொடரைக் கொட்டும் பனியில், சிலவிடம் மிதித்தும் பலவிடம் வண்டியைத் தூக்கியும் கடந்தார். யுத்தகளத்தில் பதுங்குகுழியைவிட்டுப் பாய்வதற்குச் சிப்பாய்கள் வழங்கிய சொற்றொடரையே, ‘ஓவர் தி டாப்’ என்று அந்தப் பிரயாணக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார். படித்தவருக்குப் பொருள் விளங்கியது. அவர்கள் கடந்த கணவாயில் இன்றும் அவர் நினைவாக ஒரு கல்லும், வந்துபோவோர் பெயரெழுத ஒரு பெட்டிக்குள் புத்தகமும் இருக்கின்றன. அவர் வழியில் ஆசை கொண்டவர்கள் 1955இல் லெம்ஸ்டர் நகரில் கூடிக் கரடுமுரடான பாதைகளுக்கென்றே ஒரு சங்கம் நிறுவினர். ஆனால் குதிரைத்தடங்களில் சைக்கிளுக்கு உரிமை உண்டா என்பது தெளிவற்றே கிடந்தது. ஆளுக்கு ஆள், எஸ்டேட்டுக்கு எஸ்டேட் வேறு வேறு பதில்.

1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம், அதன் 30ஆம் பிரிவில், அவ்வுரிமையை ஒரே வாக்கியத்தில் வழங்கியது. அதே வாக்கியத்தில், நடப்பவருக்கும் குதிரைமேல் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்றது. அப்பாதைகளைச் சைக்கிளுக்கு வசதியாக்கும் கடமை எவருக்கும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டது. சேற்றைச் சேறாகவே பெற்றுக்கொள் என்பது இதன் சாரம். பந்தயத்துக்கும் அங்கே இடமில்லை.

ஆகவே இன்று அத்தடங்களில் பின்னாலிருந்து குதிரையை நெருங்கும் அனுபவசாலி மணியைத் தொடமாட்டார். திடீரென்று எழும் மணியோசைக்கு மிரளும் குதிரை, மனிதக் குரலைக் கேட்டால் வருவது மனிதன்தான் என்று அமைதி கொள்ளும். வேகத்தைத் தணித்து, தூரத்திலேயே ‘காலை வணக்கம்’ என்று சற்று உரக்கச் சொல்லிவிட்டு, சவாரி செய்யும் அம்மாள் திரும்பிப் பார்த்துத் தலையசைக்கும் வரையில் பின்னாலேயே மெல்ல மிதித்துவருவார்.