லியொனார்டோவின் சுழலும் அறுவைக்குப் பிந்தைய பெருந்தமனியும்

அறுபது வயதைக் கடந்திருந்த லியொனார்டோ டாவின்சி, ஏறத்தாழ 1513இல், மாட்டின் இதயத்தில் உருகிய மெழுகை ஊற்றிப் பெருந்தமனியின் அடிப்பகுதிக்கு வார்ப்பெடுத்து, அதிலிருந்து மெல்லிய கண்ணாடி மாதிரி செய்யும் முறையைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். நீரில் புல்விதைகளைக் கலந்து அதனூடே செலுத்தினால் ஓட்டத்தின் போக்கு கண்ணுக்குப் புலப்படும் என்பது திட்டம். மாதிரி உண்மையில் செய்யப்பட்டதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவர் வரைந்த சுழல்களோ இன்றும் விண்ட்சர் அரச சேகரிப்பில் இருக்கின்றன.

வால்வின் மூன்று இதழ்களுக்கும் பின்னால் தமனிச் சுவர் மூன்று குழிவுகளாகப் புடைத்திருக்கிறது. வெளியேறும் குருதியில் ஒரு பகுதி அங்கே திரும்பிச் சுழல்கிறது, அச்சுழலே இதழ்களை மூடத் துணைசெய்கிறது என்றார் அவர். குருதிச் சுற்றோட்டத்தை ஹார்வி 1628இல் நிறுவுவதற்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்ட கூற்று இது. ஆனால் வலமிருந்து இடமாக எழுதப்பட்ட அக்குறிப்புகள் அப்போது அச்சேறவில்லை. குழிவுகளுக்குப் பின்னாளில் அவற்றை விவரித்த வல்சால்வாவின் பெயரே நிலைத்தது; கலைச்சொல் வரலாற்றில் இது புதிதன்று.

1968இல் இரண்டு நிகழ்ந்தன. ஆக்ஸ்போர்டில் பெல்ஹவுஸ் குழுவினர் மாதிரிச் சோதனைகளால் சுழலின் பங்கை விளக்கினர். இலண்டனில் பென்டால், டி போனோ இருவரும் வால்வையும் ஏறுமுகப் பெருந்தமனியையும் ஒருசேர அகற்றி, செயற்கை வால்வு பொருத்திய குழாயைத் தைக்கும் முறையை வெளியிட்டனர். குழிவின் பயன் தெளிவான ஆண்டிலேயே அதை நீக்கும் அறுவையும் பிறந்தது. உலோக வால்வுக்கு அது பேரிழப்பன்று. டொராண்டோவின் டைரோன் டேவிட் 1992இல் நோயாளியின் சொந்த வால்வையே காத்து நேர்க்குழாயினுள் பொருத்தும் முறையை அறிவித்தபோதுதான் கேள்வி கூர்மையடைந்தது: குழிவின்றி இதழ்கள் எவ்வாறு மூடும்?

டாப்ளர் எக்கோ தருவது வேகம். வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு கிடைக்கும். வினாடிக்கு 3 மீட்டர் எனில் ஏறத்தாழ 36 மி.மீ. பாதரசம். அடைப்பையும் கசிவையும் மதிப்பிட இது போதும். நேர்க்குழாயினுள் இதழ்கள் சட்டென மூடுவதையும் சுவரைத் தொடுவதையும்கூட எக்கோ காட்டியது. ஓட்டத்தின் முழு வடிவம் தெரிய நாற்பரிமாண எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டது. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று திசை வேகங்களையும் இதயத்துடிப்பு நெடுக அது பதிவுசெய்கிறது. இயல்பான குழிவுகளில் சுழல் தெளிவாகத் தெரிந்தது. நேர்க்குழாயில் அது குன்றியோ மறைந்தோ போயிருந்தது. இத்தாலியின் டி பவுலிஸ் குழிவுகளோடு கூடிய குழாயை அதற்கு முன்பே வடிவமைத்திருந்தார்.

எனினும் டொராண்டோவின் நெடுங்காலப் பதிவுகளில் மறு அறுவை தேவைப்பட்டோர் மிகச் சிலரே. குழிவுள்ள குழாய் வால்வின் ஆயுளை நீட்டும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. படத்தில் அழகாகத் தெரியும் ஓட்டத்தையே நலத்தின் சான்றாகக் கொள்வது அவசரம். அழுத்த வேறுபாடு குறைவு என்பதாலேயே ஓட்டம் இயல்பானது என முடிவுகட்டுவதும் அவ்வாறே. ஆகவே மருத்துவர்கள் இன்றும் அறுவைக்குப் பின் முதலில் கேட்பது எக்கோவில் கசிவு எவ்வளவு என்பதைத்தான்.