இடமா, எண்ணிக்கையா?

ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் ஜப்பான் கம்பெனி லைனில் நின்றவருக்கு ‘ஸ்டேஷன் நம்பர்’ புதிதல்ல. எந்த வேலை எங்கே நடந்தது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். இரைப்பையைச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் ஜப்பானியர் இப்படித்தான் எண் போட்டார்கள். ‘நெறி கட்டியிருக்கு’ என்று கழுத்தில் தொட்டுப் பார்க்கிறோமே, அதே இனம்தான்; இவை கைக்கு எட்டாத ஆழத்தில் இருக்கின்றன.

1962இல் முதலில் வெளியான இரைப்பைப் புற்றுநோய் விதிநூலின் மரபு இது. உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்கு வலமும் இடமும் 1, 2. சிறுவளைவு 3, பெருவளைவு 4. குடல்வாசலுக்கு மேலும் கீழும் 5, 6. பிறகு ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது வரிசை: இடது இரைப்பைத் தமனி 7, கல்லீரல் தமனி 8, இவை கிளைக்கும் தண்டு 9, மண்ணீரல் பக்கம் 10, 11. மகாதமனி ஓரம் 16. நிணநீர் தமனிகளை ஒட்டியே ஓடுவதால்தான் இந்த ஒழுங்கு. இரைப்பையை முழுதாக எடுக்கையில் 1 முதல் 7 வரை நீக்கினால் டி1. 8, 9, 11, 12 வட்டாரங்களையும் சேர்த்தால் டி2. 16 வரை போவதால் கூடுதல் பலனில்லை என்று 2008இல் ஜப்பானியரே சோதித்துச் சொல்லிவிட்டார்கள்.

நோயின் நிலையைக் குறிக்கும் சர்வதேச டிஎன்எம் முறையோ 1997 முதல் இடத்தைக் கேட்பதில்லை. புற்று ஏறிய முடிச்சு எத்தனை என்று மட்டும் கேட்கிறது. இன்றைய கணக்கில் 1–2 என்றால் என்1, 3–6 என்2, 7உம் அதற்கு மேலும் என்3. நோயின் போக்கைக் கணிக்க இது நன்றாகவே உதவுகிறது.

ஆனால் எண்ணுகிற கையைப் பொறுத்தது எண்ணிக்கை. ஃபார்மலினில் ஊறிய மஞ்சள் கொழுப்பை விரலிடுக்கில் நசுக்கி நசுக்கி, பயறளவும் அதற்குச் சிறிதுமாகத் தட்டுப்படுவதை நோயியல் ஆய்வகத்தில் பொறுக்கியெடுக்கிறார்கள். 8 அகப்பட்டு 2இல் புற்றிருந்தால் என்1. அதே கொழுப்பில் இன்னும் துழாவி 25 கிடைத்து, 5இல் புற்றிருந்தால் என்2. ஆள் ஒருவர்தான். குறைந்தது 16 முடிச்சுகளைப் பார்க்கவேண்டும் என்பது இதனால்தான். சாம்பிள் குறைந்தால் ரிஜெக்‌ஷனும் குறையும்; குவாலிட்டி செக்‌ஷன்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2010இல் ஜப்பானும் நோயின் நிலையைக் குறிக்க எண்ணிக்கைக்கு மாறியது. எவ்வளவு தூரம் அறுப்பது என்பதற்கு மட்டும் பழைய எண்களை விடவில்லை. சரியான முடிவு என்றே படுகிறது. கத்திக்குத் தெரு விலாசம் வேண்டும்.

காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ அடையாற்றுக்கோ ஃபைலோடு கிளம்பும் குடும்பங்கள், ரிப்போர்ட்டில் 2/8 என்றிருந்தால் 2ஐப் பார்த்து மூச்சு விடுவார்கள். என் கண் முதலில் போவது அந்த 8 மேல்.