எச்.ஐ.வி.: தமிழகம் கடந்து வந்த பாதையும் நமது கடமையும்



ஏற்காடு மலை அடிவாரத்தில் நான் மத்ரஸா ஆசிரியராகப் பணியேற்ற தொடக்க நாட்களில், எய்ட்ஸ் நோயால் மரணித்த ஒரு லாரி ஓட்டுநரின் ஜனாஸாவைக் குளிப்பாட்ட எவரும் முன்வரவில்லை. மார்க்கம் கற்பிக்கும் நானும் தயங்கி நின்றேன். இறுதியில் மரணித்தவரின் முதிய தந்தையும் மற்றொரு பெரியவரும் அக்கடமையை நிறைவேற்றினர். ஃபர்ளு கிஃபாயா பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த நாள் என் நினைவுக்கு வருகிறது. அன்றைய என் தயக்கத்திற்குக் காரணம் அறியாமையே. எனவே இந்நோயின் வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியம்.

1981-இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டபோது, அது மேலைநாட்டு நோய் என்றே இங்குப் பலரும் கருதினர். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியை சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், சென்னைக் காப்பகம் ஒன்றிலிருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்து, கணவருடன் இரவு ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கு ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே இதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும், 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் தோன்றின. லாரித் தொழில் மிகுந்த நமது சேலம், நாமக்கல் பகுதிகளில் இந்நோய் பல இல்லங்களைச் சிதைத்தது. குற்றமேதும் அறியாத மனைவியரும் மழலையரும் அதற்கு இரையாயினர். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படலாயிற்று. தாம்பரம் மருத்துவமனை அதன் தொடக்க மையங்களுள் ஒன்று.

இன்று நிலை மாறிவிட்டது. மருந்தை நாள் தவறாது உட்கொண்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அது பிறருக்குப் பரவாது. சிகிச்சையின்றித் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. உரிய சிகிச்சை பெற்றால் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. உலகளவில் 2004-இல் ஏறத்தாழ 20 லட்சமாக இருந்த ஆண்டு மரணங்கள், 2023-இல் சுமார் 6.3 லட்சமாகக் குறைந்தன. கைகுலுக்குதல், ஒரே தட்டில் உண்ணுதல், ஒரே ஸஃப்பில் நின்று தொழுதல் ஆகியவற்றால் இக்கிருமி பரவாது. கையுறை அணிந்து, உரிய கவனத்துடன் மய்யித்தைக் குளிப்பாட்டலாம்.

மார்க்கம் விபச்சாரத்தையும் போதையையும் தடுத்துள்ளது. அந்த வேலி நம் இளைஞர்களுக்கு என்றும் தேவை. நோயுற்றோரை நலம் விசாரிப்பதையும், பிறர் குறையை மறைப்பதையும், மருத்துவம் செய்துகொள்வதையும் அதே மார்க்கமே கற்பித்துள்ளது. முன்னதை மட்டும் மிம்பரில் முழங்கிவிட்டுப் பின்னதை மறப்பது முறையாகாது. இவருக்கு நோய் எவ்வாறு வந்தது என்று துருவி ஆராயும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் இவர்களுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. ஐயமுள்ளோர் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகவும் இரகசியமாகவும் பரிசோதித்துக்கொள்ளலாம். 1097 என்ற இலவச எண்ணிலும் விளக்கம் பெறலாம்.

இனி எந்த மஹல்லாவிலும் ஒரு முதிய தந்தை தம் மகனின் ஜனாஸாவுக்கு அருகில் உதவிக்கு ஆளின்றி நிற்கும் நிலை வரக்கூடாது. அல்லாஹ் நமக்கு நல்லறிவையும் இரக்கத்தையும், நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும் அருள்வானாக. ஆமீன்.