ஊசிக் காது இடம் மாறிய கதை

வீட்டில் தையல் மெஷின் இருந்தால் அதன் ஊசியைக் கழற்றி, பக்கத்தில் சாதாரணக் கையூசி ஒன்றையும் வைத்துப் பாருங்கள். கையூசிக்குக் காது பின்னால் இருக்கும். மெஷின் ஊசிக்கோ முனையிலேயே காது! அந்தக் காது பின்னாலிருந்து முன்னால் வருவதற்குள் ஒரு தொழிற்சாலை நொறுங்கியது, ஒரு குடும்பம் பட்டினி கிடந்தது, ஒரு நாடக நடிகர் கோடீஸ்வரர் ஆனார்!

முதல் பலி, பிரான்ஸ் நாட்டுத் தையல்காரர் பார்தெலமி தீமோனியே. 1830-ல் அவர் ஒரு மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கி, பாரீஸில் எண்பது மெஷின்களைப் போட்டு ராணுவ உடுப்பு தைக்க ஆரம்பித்தார். நகரத்துத் தையல்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘நம்ம பிழைப்பு போச்சு’ என்று 1831-ல் கும்பலாக உள்ளே புகுந்து அத்தனையையும் அடித்து நொறுக்கினார்கள். தீமோனியே தப்பித்ததே பெரிய விஷயம். கடைசிவரை ஏழையாகவே வாழ்ந்து 1857-ல் இறந்தார்.

அதே சமயத்தில் அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்றொருவர். சேஃப்டி பின்னைக் கண்டுபிடித்தவர் இவர்தான். பதினைந்து டாலர் கடனை அடைப்பதற்காக அதன் உரிமையை நானூறு டாலருக்கு விற்ற மகானுபாவர்! 1834 வாக்கிலேயே, முனையில் காது வைத்த ஊசியோடு ஒரு தையல் மெஷின் செய்து முடித்துவிட்டார். ‘இதை வைத்துத் தொழில் ஆரம்பியேன்’ என்று மகள் கரோலினிடம் சொன்னார். ‘இது வந்தால் தைத்துப் பிழைக்கிற பெண்கள் கதி என்னப்பா?’ என்று அந்தப் பெண் மறுத்துவிட்டாளாம். ஹன்ட்டும் பேட்டன்ட் வாங்காமலே விட்டுவிட்டார்.

சரி, காது ஏன் முனைக்குப் போக வேண்டும்? கையால் தைக்கும்போது முழு ஊசியும் துணியைத் தாண்டி அந்தப்பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். மெஷினுக்கு அது ஆகிற காரியமில்லை. முனையில் காது இருந்தால், முனை மட்டும் கீழே இறங்கி ஏறினால் போதும். ஏறும்போது நூல் ஒரு சின்ன வளையமாக நிற்கும். அந்த வளையத்துக்குள் கீழேயிருக்கும் பாபின் நூல் புகுந்து கொள்கிறது. மேல்நூலும் கீழ்நூலும் துணிக்கு நடுவில் கைகோத்துக் கொள்கின்றன. அவ்வளவுதான் ரகசியம்!

இது புரிந்தால் பாதி ரிப்பேரை நீங்களே பார்த்துவிடலாம். துணியின் அடிப்பக்கம் நூல் கொசகொசவென்று கிடந்தால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி மேல்நூல்! டென்ஷன் தட்டுக்குள் சரியாக உட்கார்ந்திருக்காது. மறுபடி ஒருமுறை மேலிருந்து கோத்துப் பாருங்கள். தையல் விட்டு விட்டு விழுகிறதா? ஊசி திசைமாறிச் செருகப்பட்டிருக்கும், இல்லை முனை மழுங்கியிருக்கும். முதலில் ஊசியை மாற்றுங்கள், மெக்கானிக் அப்புறம் வரட்டும். தைக்கப்போகிற துணியிலேயே ஒரு துண்டை வெட்டி நாலு இஞ்ச் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது உத்தமம்.

ஹன்ட் கைவிட்டதை எலியாஸ் ஹோவ் பிடித்துக்கொண்டார். மசாசூசெட்ஸ்காரர், நோஞ்சான் உடம்பு, மூன்று குழந்தைகள். குடும்பச் செலவுக்காக மனைவி ராத்திரியெல்லாம் துணி தைப்பதைப் பார்த்துக்கொண்டே யோசித்தார் என்பார்கள். கனவில் காட்டுவாசிகள் ஈட்டியோடு சூழ்ந்து கொண்டார்கள், ஈட்டி முனையில் ஓட்டை இருந்தது, அதில்தான் ஐடியா பிறந்தது என்று ஒரு கதையும் உண்டு. நம்புவது உங்கள் இஷ்டம்! 1845-ல் பாஸ்டனில், வேகமாகத் தைக்கிற ஐந்து பெண்களோடு போட்டி போட்டு ஹோவின் மெஷின் ஜெயித்தது. 1846-ல் பேட்டன்ட் கிடைத்தது. ஆனால், ஒருவரும் வாங்கவில்லை.

பிழைப்பு தேடி லண்டன் போனார். அங்கேயும் வறுமைதான். மெஷினை அடகு வைத்துவிட்டு 1849-ல் ஊர் திரும்பியபோது மனைவி காசநோயில் சாகக் கிடந்தார். அவருடைய இறுதிச் சடங்குக்கு ஹோவ் இரவல் உடுப்பு போட்டுக்கொண்டு போனதாக எழுதி வைத்திருக்கிறார்கள். தையல் மெஷினுக்கு பேட்டன்ட் வைத்திருந்தவர்!

இன்னொரு அதிர்ச்சியும் காத்திருந்தது. அவர் இல்லாத நேரத்தில் ஆளாளுக்குத் தையல் மெஷின் செய்து விற்க ஆரம்பித்திருந்தார்கள். சீக்கிரமே அதில் பெரிய கை ஆனவர் ஐசக் சிங்கர். ஊர் ஊராக நாடகம் போட்டுத் திரிந்தவர். 1850-ல் பாஸ்டன் பட்டறை ஒன்றில் சும்மா நின்ற மெஷினைப் பார்த்து, பதினோரே நாளில் அதை உருப்படியாக்கினார். 1851-ல் அவருக்கும் பேட்டன்ட். ஹோவ் கேஸ் போட்டார். முனைக்காது ஊசியும் அடிநூலும் சேர்ந்த அமைப்பு யாருடையது என்பதுதான் வழக்கு. 1854-ல் ஹோவ் ஜெயித்தார். அதன்பின் ஒவ்வொரு மெஷினுக்கும் அவருக்கு ராயல்டி! பட்டினி கிடந்தவர் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தார். 1867-ல் பேட்டன்ட் காலாவதியானது. அதே வருஷம் ஹோவும் காலமானார், 48 வயதில்.

சிங்கரின் அசல் கெட்டிக்காரத்தனம் மெஷினில் இல்லை, வியாபாரத்தில். அந்த மூளையும் அவருடையதல்ல. பார்ட்னரான வக்கீல் எட்வர்ட் கிளார்க்குடையது. மெஷின் விலை நூறு டாலருக்கு மேல். சாதாரணக் குடும்பத்தின் வருஷ வருமானமே ஐந்நூறு டாலர்தான். 1856-ல் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். ஐந்து டாலர் கொடு, மெஷினை எடுத்துப் போ, மீதியை மாசாமாசம் கட்டு! பாதிரியார்களுக்குப் பாதி விலை. பாதிரியார் வீட்டில் இருந்தால் ஊரே வாங்குமே! இன்று நாம் ஃபிரிட்ஜிலிருந்து செல்போன் வரைக்கும் வாங்குகிறோமே, அந்தத் தவணைக்குப் பாட்டி இதுதான்.

பெண்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு சட்டையைக் கையால் தைக்க 14 மணி நேரத்துக்கு மேல், மெஷினில் ஒன்றேகால் மணி நேரம் என்று 1860 வாக்கில் கணக்கு சொன்னார்கள். விற்கிறவர்கள் போட்ட கணக்கு, கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். ஆனாலும் வித்தியாசம் நிஜம். அமெரிக்கப் பெண்கள் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ‘குவில்ட்’ என்கிற மெத்தைப் போர்வை தைப்பார்கள். மெஷின் வாங்கிய புதிதில், மெஷின் தையல் பளிச்சென்று வெளியே தெரிகிற மாதிரி தைத்தார்களாம். ‘எங்க வீட்ல மெஷின் இருக்கு’ என்று ஊருக்குச் சொல்ல! 1863-ல் எபனேசர் பட்டரிக், பல அளவுகளில் காகித ‘பேட்டர்ன்’ விற்க ஆரம்பித்ததும் வீட்டுத் தையல் இன்னும் சுலபமானது. ஆனால் மிச்சமான நேரம் ஓய்வாக மாறவில்லை. கவுனுக்கு மடிப்பும் சுருக்கமும் பெருகின. ஃபேக்டரிகளில் அதே பெண்கள் சொற்பக் கூலிக்குப் பெடல் மிதித்தார்கள். கரோலின் பயந்தது முழுக்க வீண் இல்லை.

மெஷின்களை எதிர்த்த காந்திஜி இதற்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார். 1924-ல் டெல்லியில், ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் ‘எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா?’ என்று அவரை மடக்கினார். மனைவி கஷ்டப்பட்டுத் தைப்பதைப் பார்த்து அன்பினால் சிங்கர் செய்த மெஷினாயிற்றே என்றார் காந்தி. பாவம் காந்திஜி! அந்தக் கதை ஹோவுக்குத்தான் பொருந்தும். சிங்கருக்கு நியூயார்க்கில் ஒரே சமயத்தில் பல குடும்பங்கள், இருபதுக்கு மேல் குழந்தைகள். 1860-ல் ஒரு ‘மனைவி’ அவரை இன்னொருத்தியோடு நடுரோட்டில் பார்த்துவிட, ஐரோப்பாவுக்கே ஓடியவர் அவர்!

மாணவர் விடவில்லை. தையல் மெஷின் செய்யவும் பெரிய இயந்திரங்களும் தொழிற்சாலையும் வேண்டுமே என்று கேட்டார். ஆமாம், அந்தத் தொழிற்சாலைகள் அரசாங்கத்தின் கையில் இருக்கட்டும் என்றார் காந்தி. கேள்வி கேட்ட அந்த ஜி.ராமச்சந்திரன்தான் பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து 1947-ல் சின்னாளப்பட்டி பக்கத்தில் காந்திகிராமத்தை ஆரம்பித்தவர்.