ஒரே பேச்சு, இரண்டு எழுத்து: ஜுல்பா எனும் எல்லை ஊர்



உங்கள் வகுப்பறையில் ஆசிய வரைபடம் இருந்தால், ஈரானின் வடமேற்கு மூலையைக் கொஞ்சம் பாருங்க. அங்கே அரஸ் என்ற ஆறு ஓடுகிறது. அதன் வடகரையில் ஜுல்பா என்ற சிற்றூர். அது அசர்பைஜான் நாட்டைச் சேர்ந்த நக்சிவான் பகுதியில் இருக்கிறது. தென்கரையிலும் ஓர் ஊர் உண்டு. அதன் பெயரும் ஜுல்பாதான். ஆனால் அது ஈரான்! இரு கரையிலும் பெரும்பாலும் பேசப்படுவது அசர்பைஜானிய மொழி.

இது எப்படி நடந்தது?

பழைய ஜுல்பா ஆர்மீனியப் பட்டு வணிகர்களின் ஊர். உதுமானியர்களுடன் நடந்த போரின்போது, 1604-இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அந்த மக்களை இஸ்பஹானுக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார். செழித்திருந்த ஊர் சிறுத்துப் போனது. பிறகு 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவும் பாரசீகமும் இரண்டு முறை போரிட்டன. பாரசீகம் தோற்றது. 1828-இல் கையெழுத்தான துருக்மென்சாய் ஒப்பந்தப்படி நக்சிவான் ரஷ்யாவுக்குப் போனது. இந்த இடத்தில் அரஸ் ஆறே எல்லையானது. அதுவரை அக்கரை, இக்கரை என்று இருந்தது, வெளிநாடு, உள்நாடு என்று ஆகிவிட்டது.

மொழி ஆசிரியர்களான நாம் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. முன்பு இரு கரையிலும் அரபு எழுத்தில்தான் எழுதினார்கள். சோவியத் ஆட்சியில் 1920-களின் கடைசியில் வடகரையில் லத்தீன் எழுத்து வந்தது. சுமார் பத்து ஆண்டுகளில் அதையும் எடுத்துவிட்டு, ரஷ்ய மொழிக்குரிய சிரில்லிக் எழுத்தைக் கொண்டுவந்தார்கள். 1991-இல் நாடு விடுதலை பெற்றதும் மறுபடியும் லத்தீன். யோசிச்சுப் பாருங்க, தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரனால் படிக்க முடியாது!

தென்கரையில் எழுத்து மாறவில்லை. ஆனால் அங்கே வேறு சிக்கல். பள்ளியில் பாடமொழி பாரசீகம். வட்டார மொழி இலக்கியங்களைப் பள்ளியில் கற்பிக்கலாம் என்று ஈரான் அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் பிள்ளைகள் வீட்டில் அசர்பைஜானியம் பேசி, வகுப்பில் பாரசீகம் படிக்கிறார்கள். தாய்மொழி பேச்சோடு நின்றுவிடுகிறது.

சோவியத் காலத்தில் எல்லையில் முள்வேலியும் காவலும் இருந்தன. உறவினர் அக்கரையில் இருந்தாலும் போய்ப் பார்க்க வழியில்லை. 1989 டிசம்பர் 31-ஆம் தேதி நக்சிவான் மக்கள் திரண்டு வந்து அந்த வேலிகளைப் பிய்த்தெறிந்தார்கள். சிலர் ஆற்றைக் கடந்து போனார்கள். அந்த நாளை உலக அசர்பைஜானியர் ஒற்றுமை நாளாக அசர்பைஜான் இன்றும் அனுசரிக்கிறது.

இதை வகுப்பில் ஒரு சின்ன நடவடிக்கையாகச் செய்யலாம். மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை வடகரை, இன்னொன்றைத் தென்கரை என்று வைத்துக்கொள்ளுங்க. நடுவில் நீலக் கயிறு ஒன்றைப் போடுங்க, அதுதான் ஆறு. வடகரைப் பிள்ளைகள் அக்கரை உறவினருக்கு ரோமன் எழுத்தில் தமிழ்க் கடிதம் எழுதட்டும். தென்கரைப் பிள்ளைகள் தமிழ் எழுத்தில் பதில் எழுதட்டும். பிறகு ரெண்டையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்க. எங்கே தடுக்குகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

கைப்பேசியில் தமிழை ரோமன் எழுத்தில் தட்டிப் பழகிய பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த அரசும் எழுத்தை மாற்றித் தரவில்லை, வேலியும் போடவில்லை. ஜுல்பா மக்களுக்கு அந்தத் தேர்வு இருக்கவில்லை. நமக்கு இருக்கு. அதை மாணவர்களிடம் சொல்லுங்க.